கேஷ் நம்ம காசுதானா? யாராவது தீர்த்து வையுங்கள்

மலைக்கோட்டை மணி

எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய பட்டியல் மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு, அப்புறம் காசிலிருந்து போன கேஷ். கட்டுமரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, சண்டையெல்லாம் கேஷில்தான். ஒருவர் அகராதிப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, பிரெஞ்சிலிருந்து வந்தது, பெட்டி என்று அர்த்தம், சும்மா அளக்காதீர்கள் என்கிறார். இன்னொருவர் வேறொரு பக்கத்தைப் போடுகிறார், அதில் தமிழ் என்றே அச்சாகியிருக்கிறது. ரெண்டும் பேர் பெற்ற அகராதிகள். எது சரி? எப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது, அங்கே போய் நான்தான் வாதாட வேண்டும்.

செந்தூரன்

மணி அண்ணே, ரெண்டு பேர் போட்டதும் சரிதான். ஆங்கிலத்தில் கேஷ் என்று ரெண்டு சொல் இருக்கிறது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த இடம்தான் வேறு. பெரிய அகராதிகளில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் 1, 2 என்று பொடியாக எண் போட்டிருப்பார்கள், உங்கள் நண்பர்கள் ஆளுக்கொன்றைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

முதல் கேஷ், நாம் தினமும் சொல்வது, அதாவது கையில் இருக்கும் ரொக்கம். இதன் வேர் லத்தீனின் காப்ஸா. பெட்டி என்று பொருள், ரோமாபுரியில் சுருட்டிய ஏடுகளைப் போட்டு வைக்கிற உருண்டைப் பெட்டிக்கும் அதுதான் பெயர். அது இத்தாலியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கெஸ் ஆனது. வியாபாரியின் பணப்பெட்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, கடைசியில் பெட்டிக்குள் இருப்பதற்கே பெயராகிவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்தது 1590களில். வந்த புதிதில் ஆங்கிலத்திலும் பெட்டி, பணம் ரெண்டையும் குறித்தது, பிறகு பெட்டி கழன்றுகொண்டு பணம் மட்டும் நின்றது. பிரெஞ்சில் இன்றைக்கும் கடையில் பணம் கட்டும் இடம் கெஸ்தான், இத்தாலியில் காஸ்ஸா, ஜெர்மனியில் காஸ்ஸே.

ரெண்டாவது கேஷ் ஒரு நாணயத்தின் பெயர். இந்தியா, மலாக்கா, சீனா பக்கம் புழங்கிய மிகச் சிறிய மதிப்புள்ள காசை ஐரோப்பியர்கள் கேஷ் என்று எழுதினார்கள். இதுதான் நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. இதுவும் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது ஏறக்குறைய அதே காலத்தில். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே குழுவில் போய், தமிழ்க் காசு ஆங்கிலத்துக்குப் போனது உண்மை, ஆனால் ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் அது இல்லை என்று சொல்லுங்கள். ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவீர்கள்.

கரிகாலன்77

இது எப்போதும் நடப்பதுதான். தமிழ் என்றால் மட்டும் உடனே தற்செயல், போர்த்துகீசியர், அது இது என்று ஆயிரம் காரணம் வரும். காசு என்பது பணம், கேஷ் என்பது பணம், ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. முசிறிக்கும் புகாருக்கும் கப்பல் விட்டவர்கள் ரோமானியர்கள். லத்தீன்காரனே இங்கே இருந்து சொல்லை எடுத்துப் போய்ப் பெட்டிக்கு வைத்திருக்கக் கூடாதா? காசு போட்டு வைக்கிற பெட்டி, அதனால் காஸ்ஸா. இதில் என்ன இடிக்கிறது?

செந்தூரன்

இடிப்பது நடுவில் இருக்கிற ப். லத்தீனில் அது காஸ்ஸா இல்லை, காப்ஸா. கொள்ளுதல், பிடித்தல் என்று பொருள் தரும் காப்பேரே என்ற வினையோடு சேர்ந்த சொல். அந்த ப் எங்கேயும் போய்விடவில்லை, மருந்துக்கடையில் காப்ஸ்யூல் என்று கேட்கிறோமே, அது காப்ஸாவின் குட்டி, சின்னப் பெட்டி. பொருட்களை வைக்கிற கேஸ், பாட்டு கேட்ட கேசட் எல்லாம் அதே குடும்பம். இத்தாலி, பிரெஞ்சுப் பக்கம் வந்தபோது ப் தேய்ந்த பிறகுதான் அது காசு மாதிரி ஒலிக்கவே ஆரம்பிக்கிறது. காசிலிருந்து அவர்கள் எடுத்திருந்தால் இல்லாத ப் ஒன்றை நடுவில் சொருகி, ஏடு வைக்கிற பெட்டிக்குப் பெயர் வைத்து, ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து அந்த ப்பை எடுத்துவிட்டு மறுபடி பணத்துக்கு வந்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, ரோமானியர்கள் இங்கே கொண்டுவந்து கொட்டியதே தங்கமும் வெள்ளியும்தான், அந்த நாணயங்களின் பெயர் அவுரேயஸ், தெனாரியஸ். பணத்துக்குப் பெயர் கடன் வாங்க வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

போர்த்துகீசியரை நான் சாக்காகச் சொல்லவில்லை கரிகாலன். அந்த வழிக்குத்தான் சாட்சி இருக்கிறது. இத்தாலியப் பயணி வார்த்தெமாவின் பயணநூல் 1510இல் அச்சானது, அதிலேயே இந்தியாவின் சிறுகாசுக்கு கஸ் என்று பெயர் வருகிறது. அப்புறம் போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்துச் சந்தைகளில் புழங்கிய ஈய, வெள்ளீயக் காசுகளுக்கும், நடுவில் ஓட்டை போட்டுச் சரமாகக் கோத்த சீனச் செப்புக்காசுகளுக்கும் இந்தப் பெயரே ஒட்டியது. சீனக்காரர்கள் அதை வென் என்பார்கள், சியென் என்பார்கள். ஆனால் இன்றைக்கும் உலகத்து நாணயச் சேகரிப்பாளர்கள் அத்தனை பேருக்கும் அது சைனீஸ் கேஷ்தான். தமிழ்ப் பெயர் சீன நாணயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, இதைவிட என்ன பெருமை வேண்டும் உங்களுக்கு?

வேடிக்கை என்னவென்றால், போர்த்துகீசியர் நம் காசை எழுதும்போது தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த கய்ஷா என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார்கள். அந்தக் கய்ஷாவுக்கு அவர்கள் மொழியில் பொருள் பெட்டி, காப்ஸா வழி வந்தது. அதாவது பெட்டியும் காசும் ஆங்கிலத்தில் மோதிக்கொள்வதற்கு முன்னாலேயே லிஸ்பன்காரர்கள் ரெண்டையும் ஒன்றாக்கி வைத்துவிட்டார்கள்.

கடைத்தெரு கதிரேசன்

செந்தூரன் தம்பி சொல்கிற அந்தப் பெட்டி விஷயம் எனக்குப் புதிதாகவே தெரியவில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது எங்கள் அண்ணாச்சி கேட்கிற கேள்வி, "இன்னைக்குக் கல்லா எவ்வளவுடா?" கல்லா என்றால் பெட்டி. அவர் பெட்டியின் விலையையா கேட்கிறார்? உள்ளே இருக்கிற பணத்தைக் கேட்கிறார். படம் நல்லாக் கல்லா கட்டியது என்கிறோம். தேர்தல் சமயத்தில் பெட்டி கைமாறிவிட்டது என்றால் காலிப் பெட்டி என்று எவனாவது நினைப்பானா? பிரெஞ்சுக்காரனும் அதையேதான் செய்திருக்கிறான். பெட்டியிலிருந்து பணத்துக்கு எப்படி அர்த்தம் தாவும் என்று குழுவில் யாராவது கேட்டால் கல்லாவைக் காட்டுங்கள் மணி.

கல்லாவும் நம் சொல் இல்லை என்று இங்கே யாராவது கிளம்புவார்கள், அதற்குள் நான் தூங்கப் போகிறேன்.

செந்தூரன்

கிளம்பிவிட்டேன் அண்ணாச்சி. கல்லா உருதுவிலிருந்து வந்தது. இந்திப் பக்கம் அதே சொல்லுக்குத் தானியம் என்றும் பொருள் உண்டு, கடைப் பணப்பெட்டி என்றும் உண்டு. ஆனால் உங்கள் உதாரணம் அருமை, எடுத்துக்கொள்கிறேன்.

செல்லாக்காசு

நாணயம் என்று பேச்சு வந்ததால் நானும் உட்காருகிறேன். ரெண்டாவது கேஷ் ஏதோ புத்தகத்துக்குள் மட்டும் இருந்த சொல் என்று நினைத்துவிட வேண்டாம். அது சென்னைக்காரர்களின் மடியில் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம் (அப்போது பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அப்படியென்றால் ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று மாற்று வைத்திருந்தார்கள். 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறும் வரை கோட்டைக் கணக்கர்கள் இந்த 80ஐயும் 42ஐயும் வைத்துக்கொண்டுதான் கூட்டிக் கழித்திருக்கிறார்கள், பாவம். வெள்ளைக்காரனின் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் ரெண்டு கேஷும் வரும், ஒன்று கையிருப்பு, இன்னொன்று நாணயம்.

1803இலும் 1808இலும் கம்பெனி இந்தச் செப்புக்காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து சோஹோ நாணயச்சாலையில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. நீராவி எந்திரத்தில் காசடித்த மாத்யூ போல்டனின் சாலை அது. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி என்றால் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் 1808ஆம் வருஷத்து 20 கேஷ் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் கேடயமும் சிங்கங்களும், கீழே வருஷம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்கடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் அந்தக் கேஷ் நம் காசு.

இன்னொரு தகவல், இந்த 1808 காசுகள் சேகரிப்புச் சந்தையில் ஏன் இவ்வளவு மலிவாக, தேயாமல் கிடைக்கின்றன தெரியுமா? அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் சென்னைக்கு வர வேண்டிய 10 கேஷ், 20 கேஷ் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809 ஜனவரியில் புயலில் மாட்டி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே கெண்ட் கடற்கரைக்கு எதிரே இருக்கும் குட்வின் மணல்திட்டில் முழுகிவிட்டது. 1980களில் முக்குளிப்பவர்கள் எடுத்தது லட்சக்கணக்கில். நம் ஊர்ச் சந்தையில் புளிக்கும் கீரைக்கும் கைமாறித் தேய்ந்திருக்க வேண்டிய காசு, ஒரு கைகூடப் படாமல் இன்றைக்கு ஏலத்தில் விற்கிறது.

திருவிதாங்கூரில் இன்னும் நீண்ட ஆயுள். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே நாணயத்தின் மேலேயே ஒரு கேஷ் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள், சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் காலம் வரை புழக்கத்தில் இருந்தது. புதுக்கோட்டையின் அம்மன் காசும் இந்தச் சாதிதான், ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று இருக்கும்.

பனங்கூடல்

வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பணம் என்று பேச்சில் சொல்வது குறைவு, எல்லாம் காசுதான். சம்பளக் காசு, வீட்டுக் காசு, வெளிநாட்டில இருந்து வந்த காசு. சிங்களத்தில் நாணயக் குற்றிக்கு காசி என்று சொல்லுவினம். வங்கியில் செக் என்பதைக் காசோலை என்றுதான் எழுதுகிறோம், படிவத்திலும் அப்படித்தான் இருக்கும், ஒருவரும் அதைப் புதுச்சொல்லாக நினைப்பதில்லை. காசாளர் என்று பலகை பார்த்தால் சிரிப்பு வரும், கேஷியரை ஒலி பார்த்து மொழிபெயர்த்ததா, பொருள் பார்த்து மொழிபெயர்த்ததா என்று சொல்லவே முடியாது. ரெண்டும் ஒன்றாய் விழுந்திருக்கு.

எனக்கொரு கேள்வி. நம் காசே வடமொழியின் கர்ஷத்திலிருந்து வந்தது என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் சொன்னது ஞாபகம். அது உண்மையோ?

செந்தூரன்

அந்தக் கருத்து பழசு. ஹாப்சன் ஜாப்சன் என்று ஆங்கிலேய இந்தியச் சொற்களுக்கு ஓர் அகராதி, 1886இல் வந்தது. தொகுத்த ரெண்டு பேரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவரே. கேஷ் என்ற தலைப்பில் அவர்கள், பொன், வெள்ளி நிறுக்கும் எடையான கர்ஷத்தை மூலமாகக் காட்டி, தமிழ்க் காசு வடிவத்திலிருந்தோ கொங்கணி வடிவம் ஏதாவதிலிருந்தோ போர்த்துகீசியர் எடுத்திருக்கலாம் என்று எழுதினார்கள். மறுபக்கம், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் காசு இடம்பெற்றிருக்கிறது, மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் உறவுகளோடு. என் கட்சி திராவிடக் கட்சி, காரணம் பழைய இலக்கியத்தில் காசுக்கு எடை என்ற வாசனையே இல்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது, அது எப்படி இருக்கிறதென்றால், புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நக நுனியில் பிடித்திருக்கும் பொற்காசு மாதிரி. மாலையில் கோக்கிற பொன் வில்லை அது. காசுமாலை என்று இன்றைக்கும் நகைக்கடையில் கேட்கிறோமே, அதே காசு. கர்ஷக் கட்சிக்காரர்களிடமும் வாதம் இருக்கிறது, தனி இழை போட்டால் வருகிறேன்.

மலைக்கோட்டை மணி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. கரிகாலன் கேட்டதைத்தான் எங்கள் குழுவிலும் கேட்பார்கள், அந்த ப் விஷயத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். இன்னொரு சந்தேகம், கணினியில் கேஷ் கிளியர் பண்ணு என்கிறார்களே, அந்தக் கேஷ் எதில் சேர்த்தி? முந்திரிக்கு கேஷ்யூ என்பது?

இரவுப்பணி ராஜா

கணினி ஆள் நான், இதற்கு நான் பதில் சொல்கிறேன். அது மூன்றாவது கேஷ், எழுத்தே வேறு. பிரெஞ்சில் காஷே என்றால் ஒளித்து வைப்பது. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வியாபாரத்துக்கு அலைந்தவர்கள் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தீனியையும் சாமானையும் புதைத்து வைப்பார்கள், அந்தப் பதுக்கிடத்துக்கு அந்தப் பெயர். கணினியின் ப்ராசஸர் அடிக்கடி கேட்கும் தகவலைப் பக்கத்திலேயே பதுக்கி வைக்கிற சின்ன நினைவகத்துக்கு 1968இல் ஐபிஎம் காரர்கள் தங்கள் சிஸ்டம் 360 மாடல் 85 பற்றி எழுதும்போது அதே பெயரை வைத்தார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் எழுத்தை மாற்றிப் போட்டு, உங்கள் பணத்தைக் காலி செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டான். அவர் நல்ல மனிதர், ஏற்கெனவே காலி என்று பதில் போட்டார்.

கேஷ்யூ பிரேசில் சரக்கு. தூப்பி மொழியில் அகாஜு, போர்த்துகீசியர் வாயில் காஜு, மரத்தோடு சேர்ந்து பெயரும் இங்கே வந்தது.

பனங்கூடல்

நாங்கள் இப்பவும் கஜு என்றுதான் சொல்லுவோம்.

ஓய்வுபெற்ற சுந்தரம்

வங்கியில் கூண்டுக்குள் உட்கார்ந்து நோட்டு எண்ணியே காலம் போனவன் நான், கேஷியரைப் பற்றி நான் சொல்லாமல் இருந்தால் எப்படி. கேஷியர் பெயர்ச்சொல்லாக வரும்போது அது பிரெஞ்சுப் பெட்டிக்குப் பொறுப்பானவர், செந்தூரன் சொன்ன முதல் குடும்பம். ஆனால் பழைய ஆங்கில நாவல்களிலும் ராணுவச் செய்திகளிலும் ஓர் அதிகாரியை கேஷியர் செய்தார்கள் என்று வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராணுவத்திலிருந்து எடுத்துக் கஜானாவில் போட்டார்கள் போலிருக்கிறது, நல்ல பதவிதான் என்று என்னிடம் ஒரு மேலாளர் விளக்கம் கொடுத்தார். அதற்கு அர்த்தம் அவமானப்படுத்தி வேலையை விட்டுத் துரத்துவது. அந்த வினைச்சொல் டச்சு வழியாக வந்தது, அதன் பிரெஞ்சு மூலத்துக்கு உடைத்தல், ரத்துசெய்தல் என்று பொருள். பெட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பயன்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் ஊரில் கேஷுக்கு ரெண்டு எதிர்ச்சொல். மொத்தக்கடையில் கேஷ் பில்லா கிரெடிட் பில்லா என்று கேட்டால் எதிர்ச்சொல் கடன், அங்கே செக் கொடுத்தாலும் கேஷ்தான். ஓட்டலில் கேஷா, கார்டா, ஜிபேயா என்றால் எதிர்ச்சொல் கார்டு, அங்கே கேஷ் என்றால் நோட்டும் சில்லறையும் மட்டும். கணக்கர்களிடம் போனால் மூன்றாவது அர்த்தம், ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், கேஷ் என்று போட்டிருப்பதில் வங்கி நடப்புக் கணக்கில் இருப்பதும் அடக்கம், மூன்று மாதத்துக்குள் முதிர்கிற முதலீடுகளைக்கூட அதன் பக்கத்திலேயே ஈக்விவலன்ட் என்று உட்கார வைப்பார்கள். கம்பெனியில் இத்தனை கோடி கேஷ் இருக்கிறது என்று செய்தி வந்தால் பீரோவில் கட்டுக்கட்டாக இருப்பதாக எங்கள் வீட்டில் இன்னும் நினைக்கிறார்கள்.

என்காஷ் என்ற சொல்லையும் கவனியுங்கள். லீவ் என்காஷ்மென்ட் என்று நாம் சர்வசாதாரணமாக எழுதுவோம், அமெரிக்காவில் இருக்கும் என் மருமகனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். அங்கே செக்கைக் கேஷ் செய்வார்கள், முன்னால் என் போட மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களோ ரெண்டையும் விட்டுவிட்டு சரண்டர் என்பார்கள்.

கரிகாலன்77

சரி, ப் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், ரொக்கக் கேஷ் அவர்களுடையது. ஆனால் சுந்தரம் ஐயா, வங்கிக்காரர் என்பதால் கேட்கிறேன், நாணய மாற்றில் பிடித்தம் செய்வது எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டீர்களே? திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் இறைவன் படிக்காசு கொடுத்தபோது அப்பருக்குக் கொடுத்த காசு அப்படியே செலாவணியானது, சம்பந்தருக்குக் கொடுத்த காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தார்கள். அவர் உடனே வாசி தீரவே காசு நல்குவீர் என்று பதிகம் பாடிவிட்டார். வாசி என்றால் அந்தப் பிடித்தம்தான். ஏழாம் நூற்றாண்டு.

ஓய்வுபெற்ற சுந்தரம்

சொல்ல மாட்டேன் தம்பி. கிழிந்த நோட்டை மாற்ற வந்து எங்கள் கவுண்டரில் கத்தியவர்கள் யாரும் பதிகம் பாடவில்லை, அதுதான் வித்தியாசம்.

செல்லாக்காசு

எனக்குத் தனிமடலில் ரெண்டு பேர் அந்த 20 கேஷ் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள், பொதுவில் சொல்லிவிடுகிறேன். 1808 என்று வருஷம் இருந்து, செம்பில் உப்புத்தண்ணீர் அரித்த சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கப்பல் சரக்கு. விற்பவர் சென்னைப் புதையல், கோட்டையில் தோண்டி எடுத்தது என்று ஏதாவது கதை சேர்த்து விலை ஏற்றினால் வாங்காதீர்கள். 1803 காசு கப்பலோடு முழுகியது அல்ல, இங்கே வந்து புழங்கியது, அதனால் தேய்ந்துதான் இருக்கும். தேய்மானமே இல்லாமல் மின்னினால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.